பதினோராங்கட்டைக்கு வராத ஃபேக்டரி

போன வாரம் பாத்திரம் கழுவுகிற சோப்பு வாங்க ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குப் போனேன். சோப்பை வாங்காமலே வந்துவிட்டேன் என்பது வேறு விஷயம். பழங்கள் அடுக்கியிருந்த பக்கமாகப் போனபோது, ஒரு வெள்ளைத் தட்டில் ஆறு மார்க்கிசா பழங்கள், பேஷன் ஃப்ரூட் என்பார்களே அவை, கண்ணில் பட்டன. கோழிமுட்டையைவிடக் கொஞ்சம் பெரிது, மஞ்சள் தோல், மேலே இறுக்கிச் சுற்றிய பிளாஸ்டிக் தாள். தாளின்மேல் ஏதோ ஒரு தூர தேசத்தின் பெயர் ஒட்டியிருந்தது. எடுத்து மூக்கருகே வைத்தேன். ஒன்றும் வரவில்லை. இந்த வயதில் செய்யக்கூடாத காரியம்தான், விரல் நகத்தால் தாளில் ஒரு ஓட்டை போட்டேன்.

"ஆன்ட்டி, ஓட்ட போட்டா வாங்கணும்லா" என்றாள் அங்கே அடுக்கிக்கொண்டிருந்த பெண்.

வாங்கினேன். காருக்குள் உட்கார்ந்து ஒரு பழத்தைப் பல்லால் கடித்து உடைத்தேன். புளிப்பும் இனிப்பும் கலந்த அந்த வாசனை கார் முழுக்கப் பரவியது. வண்டியைக் கிளப்பாமல் அப்படியே இருந்தேன். நிறுத்த இடம் தேடி வந்த ஒருவன் இரண்டு தடவை ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுத் திட்டிக்கொண்டே போனான்.

உங்களிடம் சொல்வதற்கென்ன, அந்த வாசனை எனக்குப் பழத்தை ஞாபகப்படுத்தவில்லை. ஒரு லேண்ட்ரோவரைத்தான் ஞாபகப்படுத்தியது. கேன்வாஸ் கூரை போட்ட பழைய அரசாங்க வண்டி. டீசலும் ஈரச் சாக்கும் கனிந்த பழமும் சேர்ந்த ஒரு நெடி மாதக்கணக்கில் அதன் பின்பக்கத்தை விட்டுப் போகவே இல்லை. அந்த நெடிக்குப் பாதிக் காரணம் நான்.

எண்பதுகளின் தொடக்கம். நான் படிப்பு முடித்து ஒன்றரை வருடம் வீட்டில் சும்மா இருந்தேன். ஆசிரியர் வேலைக்கு எழுதிப் போடு என்று அம்மா தினமும் சொல்வார். ஒரே அறையில், ஒரே கரும்பலகைக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பதை நினைத்தாலே எனக்குக் காலெல்லாம் அரிக்கும். அந்த நேரத்தில்தான் ஈப்போவில் ஒரு வளர்ச்சி அலுவலகத்தில் தற்காலிக வேலை கிடைத்தது. 'ஆய்வு உதவியாளர்' என்று கடிதத்தில் போட்டிருந்தார்கள். அப்பா அந்தக் கடிதத்தைத் தெருவில் நாலு பேருக்குப் படித்துக் காட்டினார். போய்ப் பார்த்தால் ஸ்டென்சில் வெட்டுகிற வேலை. நாள் முழுக்க மை நாற்றம். என் நாற்காலியின் ஒரு கால் குட்டை. அது ஆடியதா, நான் ஆடினேனா தெரியாது, எதிர் மேசைக்காரர் என்னைப் பார்த்துப் பார்த்துக் கடைசியில் மேசையையே திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அலுவலகச் சுவரில் பேராக் மாநிலத்தின் பெரிய வரைபடம் ஒன்று தொங்கியது. ஆட்கள் வேலை தேடி வெளியேறுகிற இடங்களில் சிவப்புக் குண்டூசி குத்துவது வழக்கம். ஈயச் சுரங்கங்கள் ஒவ்வொன்றாகப் படுத்துக்கொண்டிருந்தன. கித்தா, அதாவது ரப்பர், விலை இறங்கினால் ஏறுவதில்லை, ஏறினால் நிற்பதில்லை. காம்பாரிலிருந்து தெற்கே சிலிம் ரிவர் வரைக்கும் வரைபடத்துக்கு அம்மை போட்டதுபோல இருக்கும். அந்தக் குண்டூசிகளைப் பிடுங்குவதுதான் எங்கள் அலுவலகத்தின் வேலை. குத்துகிற வேலை என்னிடம் இருந்தது.

பிடுங்க நினைத்தவர் எங்கள் அதிகாரி நவரத்தினம் சார்.

அவர் யாழ்ப்பாணத்துத் தமிழர். அறையில் அவர் மேசைமேல் இரண்டு பென்சில் இருக்கும். ஒன்று அலுவலகத்துடையது, இன்னொன்று சொந்தம். வீட்டுக்கு வாங்கவேண்டிய சாமான்களை எழுதச் சொந்தப் பென்சிலைத்தான் எடுப்பார். அப்படிப்பட்ட மனிதர். நல்லவர். சிரிப்பது மட்டும் கொஞ்சம் குறைவு. அவருக்குத் தமிழ் அழகாக வரும். ஆனால் தோட்டங்களுக்குப் போனால் ஆங்கிலத்தில்தான் பேசுவார். அதற்கு ஒரு கதை உண்டு. ஒரு தடவை தோட்டத்துப் பெண்களைப் பார்த்து, "எல்லாரும் சுகமாய் இருக்கிறியளோ?" என்று அன்பாகக் கேட்டிருக்கிறார். பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்க, ஒருத்தி, "சார் மலையாளியா?" என்று கேட்டுவிட்டாளாம். அதோடு சரி. அன்றிலிருந்து அவர் ஆங்கிலத்தில் சொல்வதைத் தமிழில் சொல்ல ஓர் ஆள் வேண்டியிருந்தது. ஸ்டென்சிலிலிருந்து எனக்கு விடுதலை கிடைத்தது இப்படித்தான்.

காம்பாரிலிருந்து சிலிம் ரிவர் போகிற பழைய சாலையில், பதினோராவது மைலில் ஒரு தோட்டம். மைலைக் கட்டை என்பது எங்கள் வழக்கம், அதனால் அது பதினோராங்கட்டைத் தோட்டம். பக்கத்தில் ஒரே தெருவுள்ள சின்ன டவுன். மளிகைக் கடை, காப்பிக் கடை, முடிவெட்டுகிறவர், துணிக்கடை, துணிக்கடை வாசலில் ஒரு தையல்காரர். கித்தா விலை இறங்கியிருப்பதை அறியப் பத்திரிகை பார்க்கத் தேவையில்லை, தையல்காரரைப் பார்த்தால் போதும். நாங்கள் முதலில் போன அன்று அவர் மிஷின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார். காலை பத்து மணி. முடிவெட்டுகிறவர் தன் தலையையே கண்ணாடியில் பார்த்துச் சீவிக்கொண்டிருந்தார். எல்லாக் கடையும் தோட்டத்தை நம்பி, தோட்டம் ஒரே மரத்தை நம்பி. சார் வண்டியை விட்டு இறங்காமலே அந்தத் தெருவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அவருடைய திட்டம் மார்க்கிசா. வெளியூர்க் கம்பெனி ஒன்று பழச்சாறு எடுத்து டின்னில் அடைக்கிற ஃபேக்டரி போட முன்வந்திருந்தது. டவுனின் கோடியில் நிலம் ஒதுக்கியாயிற்று. தோட்டத்தின் ரயில் பாதை ஓரத்து மேடு, கிழட்டு மரங்களை வெட்டிப்போட்டபின் காலியாகக் கிடந்தது. அதில் ஆட்கள் கொடி போட்டுக்கொள்ள மேனேஜரும் சம்மதித்திருந்தார். கொடி எட்டொன்பது மாதத்தில் காய்க்கும். தோட்டத்துக்காரர்களுக்கு இரண்டாவது வருமானம், டவுனுக்கு வேலை, ஒரு குண்டூசி குறையும்.

தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் கூட்டம் போட்டோம். பிள்ளைகள் உட்காருகிற குட்டைப் பெஞ்சுகளில் பெரியவர்கள் முழங்கால் நெஞ்சில் இடிக்க உட்கார்ந்திருந்தார்கள். நான் புதிதாக வாங்கிய குதிகால் உயர்ந்த செருப்போடு போயிருந்தேன், செம்மண்ணில் ஒன்று புதைந்து கழன்றுவிட்டது. ஒற்றைச் செருப்போடு மேடையேறிய வளர்ச்சியை அந்த ஜனங்கள் மரியாதையாகத்தான் பார்த்தார்கள். படித்த பெண் யாராக இருந்தாலும் அங்கே டீச்சர்தான். எதற்குப் பயந்து ஓடினேனோ அது என் பெயராகவே ஆகிவிட்டது.

சார் ஒரு வரி சொல்வார், நான் ஒரு வரி சொல்வேன். எல்லாம் முடிந்தபிறகு நடுப் பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்தாள். பெயர் அஞ்சலை. முப்பத்தைந்து வயதிருக்கும், ஒல்லி, பாலுக்காக ரப்பர் மரம் வெட்டுகிற கைகளில் காய்ந்த ரப்பர் பால் கறுப்புக் கறுப்பாக ஒட்டியிருந்தது. புருஷனுக்கு மருந்து தெளிக்கிற வேலை, இரண்டு பெண் பிள்ளைகள். அவள் இரண்டு மாடு வைத்து டவுன் காப்பிக் கடைக்குப் பால் ஊற்றிக்கொண்டிருந்தாள் என்பதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது.

"எல்லாம் சரி டீச்சர். பழம் காய்ச்சா யாரு வாங்குவா?"

நான் அதை ஆங்கிலத்தில் சாரிடம் சொன்னேன். அவருக்கு ஏற்கெனவே புரிந்த கேள்விதான், இருந்தாலும் முறை முறைதானே. அவர் நிதானமாகப் பதில் சொன்னார். ஃபேக்டரி எல்லாப் பழத்தையும் எடுத்துக்கொள்ளும் என்று எதிர்பார்க்கப்படுகிறது. அதுதான் அவர் சொன்னது. ஒரு சொல் கூடவும் இல்லை, குறையவும் இல்லை.

'எதிர்பார்க்கப்படுகிறது' என்று யாராவது பேசிக் கேட்டிருக்கிறீர்களா? ரேடியோவில் செய்தி வாசிக்கிறவர் சொல்வார். நூறு பேர் முழங்காலைக் கட்டிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வாசலில் நின்றவர்கள் தலையை உள்ளே நீட்டினார்கள். எனக்கு இருபத்து மூன்று வயது. காலில் ஒற்றைச் செருப்பு.

"கண்டிப்பா வாங்கிக்குவாங்க. எல்லாத்தையும்" என்றேன்.

கைதட்டினார்கள். எனக்கு வாழ்க்கையில் கிடைத்த முதல் கைதட்டல் அது.

திரும்பி வரும்போது சார்தான் வண்டி ஓட்டினார். காம்பார் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். சுத்தமாக இருந்த கண்ணாடியை மறுபடியும் துடைத்தார். களைப்பு போல என்று நினைத்துக்கொண்டேன்.

அடுத்த மாதம் போனபோது மேடெல்லாம் கம்பு நட்டுக் கம்பி இழுத்திருந்தார்கள். பதினெட்டுக் குடும்பம். அஞ்சலை குடியிருந்த லயத்து வரிசை வீட்டுக்குப் பின்னால் மாட்டுக்கொட்டகை காலியாகக் கிடந்தது.

"மாடு எங்கக்கா?"

"வித்துட்டேன். மாடும் கொடியும் ஒரே எடத்துல நிக்குமா? இளங்கொடிய ஒரே நாள்ல மொட்டையடிச்சிரும். ராணிய விக்கிறப்ப ஒண்ணும் தெரியல. கங்காணிய வித்ததுதான்..." பாதியில் நிறுத்திவிட்டாள்.

கங்காணி என்பது மற்ற மாடு. மேயாமல் நின்று, வேலையாட்களை மேய்க்கிற கங்காணிபோலப் போகிறவர் வருகிறவரை எல்லாம் முறைத்துப் பார்ப்பதால் லயத்துக்காரர்கள் வைத்த பெயர். வாங்கிப்போனவன் கயிற்றைப் பிடித்து இழுத்தபோது கடைசித் தடவையாக எல்லாரையும் ஒரு முறை முறைத்துவிட்டுப் போனதாம். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே காலிக் கொட்டகையைத் திரும்பிப் பார்த்தேன். 'கண்டிப்பா' என்று சொன்னது நான்தானே.

அதற்குப் பிறகு வந்த மாதங்களில் நான் ஒழுங்காகத் தூங்கியதாக ஞாபகம் இல்லை. வாரம் ஒரு தடவை ஏதாவது சாக்குச் சொல்லிப் பதினோராங்கட்டைக்குக் கிளம்பிவிடுவேன். போய் என்ன செய்தேன் என்கிறீர்கள்? கொடியைப் பார்ப்பேன். கொடி என்னைப் பார்க்கும். டவுன் கோடிக்குப் போய் ஃபேக்டரி நிலத்தைப் பார்ப்பேன். அங்கே சுற்றிலும் வேலி, ஒரு அறிவிப்புப் பலகை, ஒரு காவல் குடில். குடிலில் இஸ்மாயில் என்ற காவல்காரர். அவர் காத்த இடத்தில் லாலான் புல் இடுப்பளவு வளர்ந்திருந்தது.

"எப்போது கட்டுவார்கள், அங்கிள்?" என்று மலாயில் கேட்பேன்.

"எனக்கென்ன தெரியும், மகளே. எனக்கு ஒரு சாவி கொடுத்தார்கள். பூட்டு இன்னும் வரவில்லை" என்பார்.

மார்க்கிசா பூ பார்த்திருக்கிறீர்களா? வெள்ளை இதழ், நடுவில் ஊதா மயிர்போல வட்டமாக நிற்கும். எங்கள் மஞ்சள் ஜாதி மதியத்துக்குத்தான் விரியும், சாயங்காலம் சுருங்கிவிடும். வண்டு வராவிட்டால் காய் பிடிக்காது. அந்த மேட்டில் வண்டு குறைவு. பெண்கள் விடியலில் மரம் வெட்டப் போய், பால் எடுத்து, நிறுத்து ஊற்றிவிட்டு வீட்டுக்கு வருகிற நேரம்தான் பூ விரிகிற நேரம். சாப்பிடாமல்கூட மேட்டுக்கு ஓடுவார்கள். ஒரு பூவின் மகரந்தத்தை விரல் நுனியில் தொட்டு இன்னொரு பூவில் தடவ வேண்டும். பதினெட்டுக் குடும்பத்துப் பெண்களும் உச்சி வெயிலில் வரிசையாக நின்று பூவுக்குப் பூ தொட்டுக்கொண்டே போவார்கள். நானும் தொட்டேன். அஞ்சலை என் விரலைப் பிடித்து, "இப்படி நசுக்காதீங்க டீச்சர், புள்ள கன்னத்த தொடுறாப்ல தொடணும்" என்று காட்டினாள். அவள் விரலில் பால் பிசினும் மஞ்சள் பொடியும் ஒன்றாக ஒட்டியிருந்தன.

காய் பிடித்தது. பந்தல் பந்தலாகத் தொங்கியது. மார்க்கிசாவைப் பறிக்க வேண்டியதில்லை, கனிந்தால் தானே கீழே விழும். விழுந்ததைப் பொறுக்குவதுதான் அறுவடை. முதல் பழம் விழுந்த வாரத்தில் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் வந்தது. சந்தை நிலவரம் காரணமாக ஃபேக்டரி காலவரையின்றி ஒத்திவைக்கப்படுகிறது. இரண்டே வரி. சார் அதை மூன்று தடவை படித்தார். பிறகு மேசையிலிருந்த இரண்டு பென்சிலையும் இழுப்பறைக்குள் வைத்து மூடினார்.

"போகவேணும் பிள்ளை. நாங்களே போய்ச் சொல்லவேணும்."

மறுபடியும் அதே பள்ளிக்கூடம், அதே குட்டைப் பெஞ்சு. இந்தத் தடவை கொஞ்சப் பேர் மடியில் பழத்தோடு வந்திருந்தார்கள், காட்டுவதற்கு. சார் எழுந்து ஆங்கிலத்தில் நிதானமாக ஆரம்பித்தார். ஃபேக்டரி ஒத்திவைக்கப்பட்டிருக்கிறது, புதிய தேதி பின்னர் அறிவிக்கப்படும். என் முறை வந்தது.

"ஃபேக்டரி வராது" என்றேன்.

யாரோ ஒருவரின் மடியிலிருந்து ஒரு பழம் உருண்டு சிமெண்டுத் தரையில் போய்ச் சுவரில் முட்டி நின்றது. சார் என்னைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு நிற்க முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வாய் தானாகப் பேசியது.

"இன்னொன்னும் சொல்லணும். அன்னிக்கு சார் கண்டிப்பா வாங்குவாங்கன்னு சொல்லல. வாங்கலாம், எதிர்பாக்குறோம்னுதான் சொன்னாரு. கண்டிப்பான்னு சொன்னது நான். என் வாய்."

அஞ்சலை எழுந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன், திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட நினைத்தேன்.

"நீ சொன்ன அந்த ஒரு வார்த்தைக்குத்தான் கங்காணிய வித்தேன்" என்றாள். 'டீச்சர்' இல்லை, 'நீங்க' இல்லை. குரல் ஏறவே இல்லை.

அப்போதுதான் நான் எதிர்பார்க்காதது நடந்தது. நவரத்தினம் சார் ஓர் அடி முன்னால் வந்தார். தமிழில் பேசினார்.

"இந்தப் பிள்ளையில பிழை இல்லை. அண்டைக்கு அவ சொன்னது எனக்கு விளங்கினது. நானும் தமிழன்தானே. மறிச்சுச் சொல்லியிருக்கலாம். நீங்கள் எல்லாரும் கைதட்டினியள். என்ர திட்டத்துக்கு அதுக்கு முன்னம் ஒருத்தரும் கைதட்டினதில்லை. நான் பேசாமல் இருந்திட்டன்."

ஒருவரும் சிரிக்கவில்லை.

கடைசியில் அஞ்சலைதான் வாயைத் திறந்தாள். "பழம் கீழ விழுந்துகிட்டு இருக்கு. நாளைக்கு அழுகிரும். வெளிய நிக்குதே அந்த வண்டி, அதுல எத்தன சாக்கு ஏறும்?"

அரசாங்க வண்டி. அலுவலகப் பென்சிலால் சொந்தப் பட்டியல் எழுதாத மனிதர். சார் சாவியைப் பையிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு ஒரு கணம் நின்றார். பிறகு போய்ப் பின்கதவைத் திறந்தார்.

பன்னிரண்டு சாக்கு ஏறியது. முன்னால் சார், நான், நடுவில் அஞ்சலை. மூன்று பேரும் ஒருவர்மேல் ஒருவர் இடித்துக்கொண்டு போனோம். காம்பார் சந்தையில் ஒருவரும் வாங்கவில்லை. பழக்கடைக்காரி ஒருத்தி நக்கிப் பார்த்து முகத்தைச் சுளித்தாள். ஈப்போ வந்தோம். ஒவ்வொரு காப்பிக் கடையாக ஏறி இறங்கினோம். சார் வெள்ளைச் சட்டையின் முழுக்கையை மடித்துவிட்டு, சாக்கைத் தோளில் தூக்கினார். தூக்கத் தெரியாமல் தூக்கினார். "இந்தப் பக்கம் புடிங்க சார், இடுப்பு போயிரும்" என்று அஞ்சலை அதட்டினாள். வண்டி ஏறியபிறகு அவள் பேசிய முதல் பேச்சு அதுதான்.

பழைய டவுனில் ஒரு காப்பிக் கடையின் முன்பக்கத்தில் குளிர்பானம் விற்கிற தண்ணிக்கடை போட்டிருந்தவர் ஆ ஃபூக். பெரிய தொப்பை, பனியன், வாயில் எப்போதும் பல்குச்சி. அஞ்சலை ஒரு பழத்தை அறுத்து அவரிடம் நீட்டினாள். உள்ளே கறுப்பு விதைகளும் மஞ்சள் சாறும்.

"என்ன இது, தவளை முட்டையா?" என்றார் மலாயில்.

"குடிச்சுப் பாரு தவ்க்கே" என்றாள் அவள், பாதி மலாயும் பாதித் தமிழுமாக.

அவர் கரண்டியால் வழித்துக் கண்ணாடிக் கோப்பையில் போட்டார். ஐஸ் போட்டார். கொஞ்சம் சீனிப்பாகு. யோசித்துவிட்டு, உப்பில் காய்ந்த, ஆசாம்போய் என்கிற புளிப்புப் பழம் ஒன்றை எடுத்து உள்ளே போட்டுக் கலக்கினார். குடித்தார். எங்களைப் பார்க்கவில்லை. இன்னொரு வாய் குடித்தார். பிறகு அடுத்த மேசையில் வெயிலில் வந்து உட்கார்ந்த ஒரு லாரிக்காரரிடம் கேட்காமலே ஒரு கோப்பையைக் கொண்டுபோய் வைத்தார். லாரிக்காரர் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, இன்னொன்று என்று விரலைக் காட்டினார்.

அஞ்சலை அந்த விரலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அன்று மூன்று சாக்கை ஆ ஃபூக் எடுத்துக்கொண்டார். மீதியைத் தெரிந்த கடைகளுக்கு அவரே சொல்லி அனுப்பினார். அடுத்த வாரத்திலிருந்து சிலிம் ரிவர் பஸ்ஸில், கடைசி சீட்டுக்குப் பின்னால், வாரம் இரண்டு தடவை சாக்குகள் ஈப்போவுக்கு வந்தன. சுமை அதிகமானபோது இன்னும் இரண்டு பெண்கள் கூட வந்தார்கள். மூன்று வருடம் இது ஓடியது. அந்த மூன்று வருடத்தில் பதினோராங்கட்டை டவுனில் தையல்காரர் பகலில் தூங்கி நான் பார்க்கவில்லை. தீபாவளிக்கு முன் போனால் பேசக்கூட நேரமில்லாமல் மிஷினை மிதித்துக்கொண்டிருப்பார். காப்பிக் கடைக்காரர் இரண்டு மேசை கூடப் போட்டார். உலகத்தைத் திருப்பிப் போட்டோம் என்று சொல்ல மாட்டேன். ஒரு தெரு நிமிர்ந்து உட்கார்ந்தது, அவ்வளவுதான்.

ஆனால் இதை அலுவலக அறிக்கையில் எங்கே எழுதுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. ஃபேக்டரி எத்தனை, வேலை எத்தனை என்று கட்டம் போட்ட தாள். பஸ்ஸின் கடைசி சீட்டுக்கு அதில் கட்டம் இல்லை. நான் சிவப்புக் குண்டூசியை யாருக்கும் தெரியாமல் பிடுங்கினேன். மேலதிகாரி வந்து மறுபடி குத்தினார். பின்பக்கம் பழ நெடி அடித்த வண்டியைப் பற்றியும் விசாரணை வந்தது. சார் எதையும் மறைக்கவில்லை, என்றைக்கு எங்கே ஓட்டினார் என்று சொந்தப் பென்சிலால் எழுதிக் கொடுத்தார். அவரைத் தைப்பிங்குக்கு மாற்றினார்கள். போய் ஒரு மாதம் கழித்து எனக்கு ஒரு தபால் அட்டை போட்டார். 'இங்கே மழை விட்டபாடில்லை. ஜன்னலோரம் ஒரு மார்க்கிசா கொடி வைத்தேன், வேர் அழுகிவிட்டது. பிள்ளை, நீர் ஒரு இடத்தில் இருக்கப் பழகும்.' பழகவில்லை சார். அடுத்த பத்து வருடத்தில் நான் நாலு வேலை மாறினேன்.

நாலாவது வருடம் தோட்டம் கை மாறியது. புது முதலாளிகள் கித்தாவை அடியோடு சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கிற செம்பனை போட்டார்கள். ரயில் பாதை ஓரத்து மேடும் அதில் சேர்ந்தது. கொடிகளை ஒரே காலையில் புல்டோசர் சுருட்டியது என்று கேள்விப்பட்டேன், நான் போய்ப் பார்க்கவில்லை. போக மனம் வரவில்லை என்று அப்போது எல்லாரிடமும் சொன்னேன். உண்மையைச் சொன்னால், அஞ்சலை என்னைப் பார்த்து இப்ப என்ன செய்யலாம் என்று கேட்டுவிடுவாளோ என்ற பயம். செம்பனைக்கு ஆள் குறைவாகப் போதும். லயங்கள் வீடு வீடாகக் காலியாயின.

எண்பதுகள் முடிகிற நேரத்தில், ஈப்போ பஸ் நிலையத்தில் அவளைப் பார்த்தேன். நீல மேல்சட்டை, கழுத்தில் அட்டை. மூத்த மகள் சேர்ந்த எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியிலேயே இவளுக்கும் பெட்டி அடைக்கிற வேலை. இந்தத் தடவை நிஜமான ஃபேக்டரி. என்னை அவள்தான் முதலில் அடையாளம் கண்டுகொண்டாள். 'டீச்சர்' திரும்பி வந்திருந்தது.

"வேல எப்படிக்கா?"

"ஒக்காந்துகிட்டே வேல. குளுகுளுன்னு இருக்கும். கைதான் ஓடுது, காலு சும்மாவே இருக்க மாட்டேங்குது. மதியம் ஆனா எந்திரிச்சு எங்கேயாச்சும் ஓடணும்போல இருக்கு."

பூ விரிகிற நேரம் என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை.

"மாடு வச்சிருக்கீங்களாக்கா?"

"அஞ்சாவது மாடில மாட்ட எங்க கட்டுறது?" சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டு, "அந்த மூணு வருசம் நல்லா இருந்துச்சு டீச்சர். பொய் சொல்ல மாட்டேன். ஆனா அதுக்காக கங்காணிய வித்தது சரிதான்னும் சொல்ல மாட்டேன். ரெண்டும் இருக்கு" என்றாள். ஃபேக்டரி பஸ் வந்தது. ஏறி, ஜன்னலோரமாக உட்கார்ந்து, கையை மட்டும் வெளியே நீட்டி ஆட்டினாள். அதற்குப் பிறகு நான் அவளைப் பார்க்கவில்லை.

ஆ ஃபூக்கின் கடை இருந்த வரிசையில் இப்போது தங்கும் விடுதி. சார் தைப்பிங்கிலேயே காலமானார். வளர்ச்சி அலுவலகம் பெயர் மாறி, கட்டடம் மாறி, கடைசியில் எங்கே போய்ச் சேர்ந்தது என்று எனக்கே தெரியாது. அந்த வரைபடத்தை யாராவது கழற்றும்போது குண்டூசிகள் தரையெல்லாம் சிதறியிருக்கும்.

இரண்டு வருடத்துக்கு முன், நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருந்தவள் ஏதோ ஒரு வேகத்தில் பழைய சாலைக்கு இறங்கிவிட்டேன். பதினோராங்கட்டை என்று எழுதிய கல்லைக் காணோம். டவுன் இருந்த இடத்தில் மூன்று கடைச் சுவர்கள், ஒன்றுக்குள் ஆலங்கன்று. பள்ளிக்கூடம் எந்தப் பக்கம் இருந்தது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு பக்கமும் செம்பனை. குறை சொல்ல முடியாது, ஒவ்வொரு மரமும் குலை தள்ளிச் செழிப்பாக நின்றது. அந்த மண் அவ்வளவு விளைந்து நான் பார்த்ததில்லை. எந்த அறிக்கையில் போட்டாலும் நல்ல எண்ணிக்கைதான் வரும்.

காரை நிறுத்தி இறங்கி, இந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தேன், அந்தப் பக்கம் கொஞ்சம் நடந்தேன். செம்மண் பாதையில் ஒரு மோட்டார் சைக்கிள் வந்தது. வங்காள தேசத்துப் பையன், அங்கே குலை வெட்டுகிறவன். தோட்டத்துப் பழைய பெயரைச் சொல்லிக் கேட்டேன். தெரியாது என்று தலையை ஆட்டினான்.

"நான் புதுசு, அக்கா" என்றான் மலாயில். பிறகு என் காரையும் என் செருப்பில் ஒட்டிய மண்ணையும் பார்த்துவிட்டு, "உங்க ஊரா இது?" என்று கேட்டான்.

"இல்லை. இந்த ஊர்க்காரர்களை எனக்குத் தெரியும்" என்றேன்.

அவன் வண்டியில் உட்கார்ந்தபடியே மெல்லச் சுற்றிலும் திரும்பிப் பார்த்தான், நான் யாரைச் சொல்கிறேன் என்று தேடுகிறவன்போல.